குரோம் வீலை ரசாயனம் தின்றால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளீனர் அடித்த சில நிமிடங்களில் வீல் வெளுத்துவிட்டது. இப்போதே என்ன செய்ய வேண்டும்?

துணியால் துடைக்க வேண்டாம். துடைத்தால் ஒரு மூலையில் இருக்கும் கரைசலை வீல் முழுக்கப் பூசியதுபோல் ஆகிவிடும். தண்ணீர்க் குழாயைத் திறந்து, ஒரு வீலுக்குக் குறைந்தது 5 நிமிடம் ஓடவிடுங்கள். முகப்பை மட்டும் கழுவினால் போதாது. நட்டுக் குழிகள், வீல் ஆரங்களின் பின்பக்கம், டயரும் ரிம்மும் சேரும் விளிம்பு ஆகிய மூன்று இடங்களிலும்தான் கரைசல் பதுங்கிக்கொள்ளும்.

பிறகு புட்டியின் லேபிளைப் படியுங்கள். அமிலம் என்றால், ஒரு லிட்டர் தண்ணீரில் 30 கிராம், அதாவது சுமார் 2 மேசைக்கரண்டி ஆப்பச் சோடாவைக் கரைத்து, ஸ்பாஞ்சால் தாராளமாக நனைத்து, 2 அல்லது 3 நிமிடம் விட்டு மறுபடி அலசுங்கள். இடுக்குகளிலிருந்து நுரை பொங்கினால் அங்கே இன்னும் அமிலம் இருக்கிறது. நுரை நிற்கும்வரை திரும்பச் செய்யுங்கள். ஆப்பச் சோடா இல்லையென்று சலவைச் சோடாவை எடுக்காதீர்கள். அது கடுமையான காரம், அலுமினிய வீலை அதுவே அரிக்கும்.

பிளீச் கலக்காத காரக் கிளீனர் என்றால், முதலில் வெறும் தண்ணீரில் நன்றாக அலசி முடித்தபின், லிட்டருக்கு 5 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்த தண்ணீரால் ஒரு நிமிடம் நனைத்து மீண்டும் அலசலாம். என்ன கிளீனர் என்றே தெரியவில்லையா? தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தவறான மருந்தைவிடத் தண்ணீர் எவ்வளவோ மேல்.

லேபிளில் எந்தப் பெயர்களைப் பார்த்தால் உஷாராக வேண்டும்?

முதல் எதிரி ஹைட்ரோகுளோரிக் அமிலம். கழிவறைக் கிளீனர், டைல்ஸில் ஒட்டிய சிமெண்டை எடுக்கும் திரவம் ஆகியவற்றில் இது இருக்கும். முலாம் பட்டறையில் பழைய குரோமைக் கழற்ற இதையேதான் பயன்படுத்துகிறார்கள். ஆகவே வீலில் இதை ஊற்றுவது, முலாமை நாமே கழற்றுவதற்குச் சமம்.

அடுத்தது காஸ்டிக் சோடா என்கிற சோடியம் ஹைட்ராக்சைடும் அதன் பங்காளியான பொட்டாசியம் ஹைட்ராக்சைடும். குரோமின் மேல் இவை உடனே வேலையைக் காட்டுவதில்லை. ஆனால் முலாமில் ஒரு கீறலோ நுண்துளையோ இருந்தால், அதன் வழியே உள்ளே இறங்கி அலுமினியத்தைக் கரைக்கும். பிளீச், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட், நிக்கலைக் குழிபறிக்கும். டயரின் வெள்ளைப் பட்டையைக் கழுவும் சில திரவங்களில் இது இருப்பதால், டயரிலிருந்து வீலுக்கு வழிந்தே சேதம் வருவதுண்டு. பிளீச்சையும் அமிலத்தையும் ஒரே வீலில் அடுத்தடுத்து அடிக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும்.

தனியாகச் சொல்ல வேண்டியது ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் அம்மோனியம் பைஃபுளோரைடும். அலுமினியம் பளிச்சிட வைக்கும் கிளீனர்களில் இவை இருக்கும். வீலைவிட உங்கள் உடம்புக்குத்தான் இவை பெரிய ஆபத்து. நீர்த்த கரைசல் தோலில் பட்டால் உடனே எரியாது, பல மணி நேரம் கழித்து வலி தொடங்கலாம். அதற்குள் அது திசுவுக்குள் இறங்கி உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். பட்டது தெரிந்தவுடன் தண்ணீரில் கழுவி, 2.5 சதவீத கால்சியம் குளுக்கோனேட் ஜெல் இருந்தால் தடவி, வலி வரும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். லேபிளையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள்.

குரோம் கடினமான உலோகம்தானே? எப்படி இவ்வளவு சீக்கிரம் போகிறது?

கடினம்தான், ஆனால் மிக மிக மெல்லியது. அலங்கார குரோமின் கனம் பொதுவாக 0.25 முதல் 0.5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒரு தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கண்ணாடிபோன்ற பளபளப்பைத் தருவது உண்மையில் அதன் கீழே இருக்கும் நிக்கல். அது 20 முதல் 40 மைக்ரான் வரை இருக்கும். குரோமின் வேலை அந்த நிக்கல் மஞ்சளாகாமல் காப்பதும், கீறல் விழாமல் தடுப்பதும், நீலச்சாயை கொண்ட வெண்மையைத் தருவதும்.

நல்ல முலாமில் நிக்கலே இரண்டு அடுக்காக இருக்கும். கீழே அரைப்பளபளப்பு நிக்கல், மேலே முழுப்பளபளப்பு நிக்கல். மேலடுக்கில் கந்தகம் கொஞ்சம் கலந்திருப்பதால் அதுதான் முதலில் அரிபடும். அரிப்பு நேராகக் கீழே இறங்காமல் பக்கவாட்டில் பரவும். அந்த இடைவெளிதான் அடி உலோகத்துக்குக் கிடைக்கும் ஆயுள். மலிவான முலாமில் ஒரே அடுக்குதான் இருக்கும், ஒரு புள்ளி அரிப்பு விழுந்தால் அடிவரை போய்விடும்.

இன்னொன்று: குரோம் படலம் முழுக்க நுண்விரிசல்களும் துளைகளும் இருக்கின்றன. உப்பிலுள்ள குளோரைடு அவற்றின் வழியாகத்தான் இறங்குகிறது. பனிப்பிரதேசச் சாலைகளில் தூவும் கால்சியம் குளோரைடும் மக்னீசியம் குளோரைடும் காற்றின் ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும் உப்புகள். சேற்றோடு சேர்ந்து வீலில் அப்பிக்கொண்டால் நாள்கணக்கில் காயாது.

என் வீலில் இருப்பது நிஜ குரோம் முலாமா, வேறு ஏதாவதா?

இதைத் தெரிந்துகொள்ளாமல் பாலிஷைத் தொடக்கூடாது. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றைக் கெடுக்கும்.

மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரை, மின்சாரம் கடந்தால் ஒலி எழுப்பும் நிலையில் வைத்து, கண்ணில் படாத இடத்தில் இரண்டு முனைகளையும் லேசாகத் தொடுங்கள். சத்தம் வந்தால் மேலே இருப்பது வெற்று உலோகம். வராவிட்டால் மேலே கிளியர் கோட், அதாவது நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு, இருக்கிறது: அது வெற்றிட முறையில் படிய வைத்த குரோமாகவோ, பாலிஷ் செய்த அலுமினியத்தின் மேல் கிளியர் அடித்ததாகவோ, குரோம் பெயிண்டாகவோ இருக்கலாம்.

சத்தம் வந்த வீலில் வெள்ளைத் துணியில் துளி மெட்டல் பாலிஷ் வைத்து ஓரமாகத் தேயுங்கள். துணி உடனே கன்னங்கரேலென்று ஆனால் அது வெறும் அலுமினியம். குரோமில் துணி அப்படிக் கறுக்காது, அழுக்கு நிறம் மட்டும்தான் வரும்.

விரல் முட்டியால் தட்டிப்பார்த்தால் பிளாஸ்டிக்போல் மந்தமாகக் கேட்கிறதா? அது முலாமிட்ட பிளாஸ்டிக் முகப்பை அலாய் வீலின் மேல் ஒட்டிய வகை. அதற்கு அசிட்டோன், தின்னர், சூடு மூன்றும் ஆகாது. முகப்பு வெடித்தாலோ உரிந்தாலோ சரிசெய்ய வழியில்லை.

இது மேலே படிந்த கறையா, முலாமே போய்விட்டதா?

எல்லா முடிவுகளும் இந்தக் கேள்வியில்தான் தொங்குகின்றன. குரோம் இன்னும் இருந்தால் சுத்தம் செய்து மீட்கலாம். போயிருந்தால் எந்தப் பாலிஷும் திரும்பக் கொண்டுவராது.

வீலைக் கழுவிக் காயவிட்டு, பகல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளை அதன் முன்னே பிடியுங்கள். தாளின் பிம்பம் நீலம் கலந்த வெண்மையாகத் தெரிந்தால் குரோம் இருக்கிறது. பழைய வெள்ளிப் பாத்திரம்போல் இளமஞ்சளாகத் தெரிந்தால் நீங்கள் பார்ப்பது நிக்கலை. அமிலத் துளி வழிந்த தடத்தில் இது மிகத் தெளிவாகத் தெரியும்: தடத்தின் நடுவில் மஞ்சள், இரு ஓரங்களில் மங்கிய கோடு, அதைத் தாண்டினால் சட்டென்று நீலவெண்மை. அந்த எல்லைக்கோட்டை நகத்தால் வருடினால் எதுவும் தட்டுப்படாது, ஏனென்றால் போனது அரை மைக்ரான்தான்.

10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இருந்தால் புள்ளிகளையும் பாருங்கள். நிறமே நோயைச் சொல்லும். அலுமினிய வீலில் சிவப்புப் புள்ளி என்றால் பெரும்பாலும் பிரேக்கிலிருந்து பறந்து வந்து ஒட்டிய இரும்புத் தூள், வீல் துருப்பிடிக்கவில்லை. இரும்பு வீலில் அதே சிவப்பு, முலாம் ஓட்டையாகிவிட்டது என்று பொருள். அலுமினிய வீலில் விளிம்பிலிருந்து வெண்மாவு கசிந்தால் உள்ளே அலுமினியம் அரிபடுகிறது. பச்சைச்சாயை தெரிந்தால் நிக்கலோ செம்போ அரிபடுகிறது.

குரோம் இருக்கிறது, மேலே வெண்படலமும் கறையும்தான். எப்படி எடுப்பது?

வீல் கையால் தொட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். நிழலில் செய்யுங்கள். வரிசை இதுதான்.

முதலில் நடுநிலை கார் ஷாம்பூவால் கழுவுங்கள். அடுத்து பிரேக் தூளுக்கு, தையோகிளைகோலேட் கலந்த, நடுநிலை பி.எச். கொண்ட இரும்பு நீக்கியைத் தெளியுங்கள். இரும்பைத் தொட்டதும் ஊதாவாக மாறி வழியும். நாற்றம் பொறுக்க முடியாது, காற்றோட்டம் வேண்டும். 2 அல்லது 3 நிமிடத்தில், காய்வதற்கு முன், அலசிவிடுங்கள். காய்ந்தால் அதுவே புதுக் கறையாகிவிடும்.

பிறகும் நிற்கும் வெள்ளை வளையங்கள் தண்ணீரின் சுண்ணாம்பு. 5 சதவீத வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியில் நனைத்து, கறையின் மேல் 30 முதல் 60 நொடி வைத்து அலசுங்கள். தேவைப்பட்டால் இன்னொரு முறை. ஊறப்போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகக் கூடாது. முலாம் எங்காவது உரிந்திருந்தால் அந்த இடத்தில் வினிகர் வேண்டாம்.

கடைசியாகப் பாலிஷ். குரோமுக்கானது என்று குறிப்பிட்ட, அராவும் தன்மை மிகக் குறைந்த பாலிஷை மைக்ரோஃபைபர் துணியில் பட்டாணி அளவு எடுத்து, உள்ளங்கை அகலத்துக்கு மட்டும், அழுத்தமில்லாமல் கையால் தேயுங்கள். 20, 30 தடவை தேய்த்தும் மாற்றமில்லையென்றால் நிறுத்திவிடுங்கள். அது கறையில்லை, அரிப்பு. இயந்திர பாலிஷரைக் குரோமுக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. விளிம்புகளில் முலாம் தேய்ந்துபோக அதிக நேரம் ஆகாது.

கிளியர் கோட் உள்ள வீலில் மெட்டல் பாலிஷ் கூடாது. மங்கல் கிளியரின் மேல்பரப்பில் மட்டும் இருந்தால் கார் பெயிண்டுக்கான ஃபினிஷிங் பாலிஷ் அதை எடுக்கும். கிளியர் வெடித்து உரியத் தொடங்கியிருந்தால் ஓரிடத்தை மட்டும் ஒட்டுப்போட முடியாது.

சின்னச் சின்னத் துருப்புள்ளிகளுக்கு அலுமினியத் தாள் வைத்தியம் பலிக்குமா?

பலிக்கும், ஓரளவுக்கு. அலுமினியம் குரோமைவிட மிக மென்மையானது. அதனால் தாள் துருவைத் தேய்க்கும், குரோமை அவ்வளவாகக் கீறாது. 8 அல்லது 10 சென்டிமீட்டர் சதுரத் துண்டைக் கசக்கி, தண்ணீரில் தோய்த்து, புள்ளியின் மேல் சின்ன வட்டமாகத் தேயுங்கள். சற்று நேரத்தில் சாம்பல்நிறக் குழம்பு திரளும். அதை அங்கேயே வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்காமல் அவ்வப்போது துடைத்து, புதுத் தண்ணீர் தொட்டுத் தொடருங்கள். உலர்ந்த தாளால் தேய்க்கக் கூடாது.

துரு போகும், குழி போகாது. குழியில் ஈரம் நின்றால் இரண்டு வாரத்தில் அதே புள்ளி அதே இடத்தில் வரும். ஆகவே தேய்த்து அலசியபின் முடி உலர்த்தியால் மிதமான சூட்டில் ஒன்றிரண்டு நிமிடம் உலர்த்தி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, உடனே மெழுகையோ சீலன்டையோ குழிக்குள் இறங்கும்படி அழுத்தித் தடவுங்கள்.

இரும்பு நார்?

வேண்டாம். மிக நைசான ரகம்கூடப் பழைய, கனமான முலாமுக்கே ஒத்துவரும். உதிரும் இரும்பு இழைகள் இடுக்கில் தங்கி அடுத்த மழையில் துருக்கறையாகும். அவசியமென்றால் பித்தளை நார், அதுவும் சோப்புத் தண்ணீரோடு.

மஞ்சளாகிவிட்ட இடத்தைப் பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்கலாமா?

நிக்கலைப் பாலிஷ் செய்தால் அழகாகவே மின்னும், ஆனால் நிலைக்காது. காற்றுப் பட்டுச் சில வாரங்களில் மங்கும், பக்கத்திலிருக்கும் குரோமோடு நிறமும் ஒட்டாது. இடம் சிறியது, உள்பக்கம் என்றால் மாதம் ஒருமுறை பாலிஷும் மெழுகும் போட்டுச் சமாளிக்கலாம். முகப்பு முழுக்க மஞ்சள் என்றால் மறுமுலாம்தான் தீர்வு. வெள்ளிப் பெயிண்ட் பேனாவும் குரோம் ஸ்பிரேயும் அருகில் பார்த்தால் சாம்பல் திட்டாகத்தான் தெரியும்.

குரோம் கொப்புளம் கட்டி உரிகிறது. ஒட்டவைக்க முடியுமா?

முடியாது. வெறுங்கையால் தொடவும் வேண்டாம். உரிந்த முலாமின் விளிம்பு பிளேடுபோல் வெட்டும். கையுறை, கண்ணாடி இரண்டும் அவசியம்.

சேதம் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்க்க, பலமான ஒட்டுநாடாவை விளிம்பின் மேல் அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். துகள்கள் கூடவே வந்தால் அந்தப் பகுதியிலும் பிடிப்பு போய்விட்டது. 3 முதல் 5 மில்லிமீட்டர் அளவு ஒற்றைச் சில்லு மட்டும் போயிருந்தால், ஓரத்தை 600 நம்பர் உப்புத்தாளாலும் பிறகு 1000 நம்பராலும் மழுக்கி, எண்ணெய்ப் பசை நீக்கி, எப்பாக்ஸி பிரைமர், வெள்ளிப் பெயிண்ட், கிளியர் என்று அடைக்கலாம். இது தண்ணீர் உள்ளே புகாமல் தடுக்கும் அடைப்பு, பார்வைக்கு வித்தியாசம் தெரியும்.

கொப்புளம் பெரும்பாலும் ரிம் விளிம்பில் தொடங்குவதற்குக் காரணம், அங்கே அடித்து மாட்டும் பேலன்ஸ் எடைகள். அவை கீறிய கோட்டில்தான் கிளீனர் இறங்குகிறது. குரோம் வீலுக்கு உள்பக்கம் ஒட்டும் எடைகளைக் கேளுங்கள்.

உரிந்ததிலிருந்து காற்று மெல்ல இறங்குகிறது. தொடர்பு உண்டா?

உண்டு. டயர் உட்காரும் தடத்தில் முலாம் உரிந்தால் அதன் அடியில் காற்று கசியும். ரிம் விளிம்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குமிழியைப் பாருங்கள். உறுதியானால் டயரைக் கழற்றி, தளர்ந்த முலாம் முழுவதையும் சுரண்டி எடுத்து, தடத்தை நார்த்தாளால் சமப்படுத்தி, பீட் சீலர், அதாவது டயர் விளிம்புக்கும் ரிம்முக்கும் இடையே காற்று கசியாமல் அடைக்கும் பசை, பூசி மாட்ட வேண்டும். சுரண்டாமல் சீலரை மட்டும் பூசினால் அடியிலிருக்கும் துகளோடு சீலரும் கழன்றுவிடும்.

மறுமுலாம் எப்படிச் செய்கிறார்கள்? பட்டறையில் என்ன கேட்க வேண்டும்?

பழைய குரோமையும் நிக்கலையும் ரசாயனத்தால் கழற்றி, குழிகளை வெல்டிங்காலோ செம்பு முலாமாலோ நிரப்பி, மீண்டும் கண்ணாடிப் பாலிஷ் போடுகிறார்கள். அலுமினியத்தில் நேரடியாக நிக்கல் பிடிக்காது, நொடியில் ஆக்சைடு படலம் மூடிவிடும். அதனால் ஜிங்கேட் குளியலில் மெல்லிய துத்தநாகம் படியவைத்து, அதன்மேல் செம்பு, இரண்டு அடுக்கு நிக்கல், கடைசியில் குரோம். இந்த ஜிங்கேட் கட்டத்தில் அவசரப்பட்டால் கொப்புளம் நிச்சயம்.

கேட்க வேண்டியவை: பழைய முலாமை முழுதாகக் கழற்றுகிறீர்களா, நிக்கல் ஒற்றை அடுக்கா இரட்டையா, எத்தனை மைக்ரான், கொப்புளத்துக்கு எழுத்தில் உத்தரவாதம் உண்டா. வளைந்த வீலையும் விரிசல் விட்ட வீலையும் மறுமுலாமுக்குக் கொடுக்காதீர்கள். ஆழமான குழிகளைத் தேய்த்தே எடுக்கிறேன் என்பவரிடமும் கொடுக்காதீர்கள், தேய்ப்பது வீலின் பலத்தைத்தான்.

நட்டு உட்காரும் கூம்புக் குழியில் புதுமுலாம் கனமாகப் படிந்தால் இறுக்கம் தளரும். மாட்டியபின் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டி, டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) மறுபடி சரிபாருங்கள்.

நான்கில் ஒன்றுக்கு மட்டும் செய்தால் நிறம் சேருமா?

முலாம் குளியலைப் பொறுத்தது. குளியல் கரைசலில் இரண்டு வகை உண்டு: ஆறிணைதிறன் (hexavalent) குரோம் நீலவெண்மையாக வரும், மூவிணைதிறன் (trivalent) குரோம் ஒரு சாயல் இருண்டு வரும். பழைய வீல் எந்த வகை என்று பட்டறையிடம் காட்டிக் கேளுங்கள். ஒரே பக்கம் பார்வையில் படும் இரண்டு வீல்களை ஜோடியாகச் செய்தால் வித்தியாசம் கண்ணை உறுத்தாது.

மறுமுலாம் வேண்டாம், பவுடர் கோட்டிங் (பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கும் பூச்சு) அடித்துவிடலாமா?

பெரும்பாலான அலுமினிய வீல்களுக்கு அதுவே நியாயமான வழி என்பது எங்கள் கருத்து. ஆனால் குரோமை முழுக்கக் கழற்றியபின்தான். குரோமின் மேலேயே அடித்தால் பிடிக்க எதுவுமில்லாமல் தகடாகக் கழன்று வரும். பவுடர் சுமார் 180 முதல் 200 டிகிரி செல்சியஸில் வேகவைக்கப்படுகிறது. வெப்பப் பதம் கொடுத்த அலாய் வீலை அந்தச் சூட்டில் நீண்ட நேரம், பல தடவை வைத்தால் பதம் குறையும். எனவே ஒரே சூட்டில் முடிக்கச் சொல்லுங்கள். பழைய குரோம் வீலுக்குக் கிளியர் மட்டும் அடித்துப் பாதுகாப்பதும், பிடிக்க எதுவுமில்லாத அதே காரணத்தால், நிலைக்காது.

இனி இப்படி ஆகாமலிருக்க எதைக் கொண்டு கழுவுவது?

கார் ஷாம்பூவும் மென்மையான பிரஷும் போதும். ஒவ்வொரு வீலாகக் கழுவி, அலசி, துடைத்தபின் அடுத்ததற்குப் போங்கள். நான்கிலும் கிளீனர் அடித்துவிட்டு முதலாவதற்கு வந்தால் அது காய்ந்திருக்கும், காயும்போது கரைசலின் அடர்த்தி ஏறும், அங்கேதான் கறை பிறக்கிறது. ஓடி வந்த சூடான வீலில் இது இன்னும் வேகம். தானியங்கி வாஷில் தூரிகை இல்லாத வகையென்றால், அழுக்கைக் கழற்றும் வேலை முழுக்க ரசாயனத்தின் தலையில்தான் விழும். என்ன அடிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு உள்ளே விடுங்கள்.

மெழுகு 2, 3 மாதத்துக்கு ஒருமுறை. உப்புத் தூவிய சாலையில் ஓடினால் வாரம் ஒருமுறை வெறும் தண்ணீராலாவது உள்பக்கம் சேர்த்து அலசுங்கள்.

கிளீனரே தொடவில்லை, ஷெட்டில் நின்ற கார்தான். ஆனாலும் வீல் மங்குகிறதே?

ஷெட்டில் ஆசிட் கேன் இருக்கிறதா என்று பாருங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூடி சற்றுத் தளர்ந்தாலும் ஆவியாகி வெளிவரும். அந்த ஆவி ஈரக்காற்றோடு சேர்ந்து குரோமின் மேல் படிந்து தின்னும். ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாமே ஒரே நேரத்தில் துருப்பிடித்திருந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். கேனை வெளியே எடுத்து வையுங்கள், வீலை ஆப்பச் சோடாத் தண்ணீரால் ஒருமுறை கழுவுங்கள், பிறகு அந்த வெள்ளைத் தாள் சோதனையைச் செய்து பாருங்கள்.